பிள்ளை விளையாட்டும் பெற்றோர் பரிவும்: பெரியாழ்வார் திருமொழி அநுபவம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அவதாரிகை

பெரியாழ்வார் திருமொழியை ஸந்தையாகச் சொல்லத் தொடங்கும் அடியார்களிடமிருந்து ஒரு கேள்வி வருவதுண்டு. "திருப்பல்லாண்டு முடிந்தவுடன் ஆழ்வார் தொட்டில், நீராட்டம், காதுகுத்து, பூச்சூட்டு என்று வீட்டு வேலைகளாகவே பாடிக்கொண்டு போகிறாரே, இதில் தத்த்வார்த்தம் எங்கே இருக்கிறது?" என்பது அக்கேள்வி. இளம் பெற்றோர்களிடமிருந்து வேறொன்று வரும். அது கேள்வி போலன்றி வருத்தமாகவே வரும். "குழந்தை பிறந்தபின் ஸந்தைக்கு வர இயலவில்லை, திருவாராதனமும் சுருங்கிவிட்டது, குழந்தையோடு விளையாடியே பொழுது வீணாகிறது" என்பார்கள். இவ்விரண்டிற்கும் விடை ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது. அதனை ஆழ்வாருடைய திருமொழிகளைக் கொண்டே இக்கட்டுரையில் சிறிது அநுபவிப்போம்.

திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களும் பெரியாழ்வார் திருமொழியின் 461 பாசுரங்களும் சேர்ந்து 473 ஆகின்றன. இவற்றுள் முதலிரண்டு பத்துகளும் மூன்றாம் பத்தின் தொடக்கமும் கண்ணனுடைய பிள்ளைப்பருவத்திற்கே உரியவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்கு மாலை கட்டும் கைங்கர்யத்தில் ஊன்றியிருந்த விஷ்ணுசித்தர், இங்கே யசோதைப் பிராட்டியின் நிலையை ஏறிட்டுக்கொண்டு பேசுகிறார். இப்பிரபந்தத்திற்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போக, அப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளிச்செய்து நம்மை வாழ்வித்தார் என்பது பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு தாயின் கொஞ்சல் மொழிக்கு இத்தனை ஆசார்யர்கள் உழைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

1. களைத்துப்போன தாய்

முதற்பத்து முதல் திருமொழி பிறந்த வீட்டின் ஆரவாரத்தோடு தொடங்குகிறது. ஆயர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எண்ணெயும் சுண்ணமும் தூவி முற்றத்தைச் சேறாக்குகிறார்கள். பின்னர் தாய் பிள்ளையின் கைகால்களை நீட்டி நீராட்டுகிறாள், நாவை வழிக்கிறாள். அப்போது திறந்த வாயினுள்ளே ஏழுலகும் தெரிகிறது. கண்ட பெண்கள் இவன் ஆயர்பிள்ளை அல்லன், அரிய தெய்வம் என்று வியக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரத்வம் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டப்பட்ட பின்பு, திருமொழி ஸ்தோத்ரமாக மாறவில்லை. பெயரிடும் விழாவைச் சொல்லிவிட்டு, அடுத்ததாக ஆழ்வார் அருளிச்செய்வது தாயின் முறையீடு. தொட்டிலில் இட்டால் அது கிழியும்படி உதைக்கிறான். இடுப்பில் எடுத்தால் இடுப்பு முறிகிறது. இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். ஈடுகொடுக்க வலிமையின்றி நான் மெலிந்தேன் என்று அண்டை வீட்டுப் பெண்ணிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறாள்.

ஏழுலகை வாயில் கண்ட பிறகும் இடுப்பு நோகத்தான் நோகிறது. உலகளந்தவன் என்று அறிந்தாலும் இரவில் அழுதால் எடுக்கத்தான் வேண்டும். பிள்ளை வளர்ப்பில் உள்ள களைப்பை ஆழ்வார் மறைக்கவுமில்லை, குறையாகக் கொள்ளவுமில்லை. அதனையே பாசுரமாக்கித் திவ்யப்ரபந்தத்தில் சேர்த்தருளினார். களைத்திருக்கும் பெற்றோர் முதலில் ஆறுதல் பெற வேண்டிய இடம் இது.

2. கால்விரலைச் சுவைத்த ஆராய்ச்சி

இரண்டாந்திருமொழியில் 21 பாசுரங்கள். பாதாதிகேசமாக, அதாவது திருவடி தொடங்கித் திருக்குழல் வரை, ஓரோர் அவயவமாகக் காட்டி, வந்து பாருங்கள் என்று யசோதை ஊர்ப்பெண்களை அழைக்கிறாள். தான் கண்ட அழகைப் பிறரும் காண வேண்டும் என்னும் தாயின் ஆசை இதில் பொங்குகிறது. முதலில் அவள் காட்டுவது, பிள்ளை தன் காலைக் கையால் பிடித்து வாயில் வைத்துச் சுவைக்கும் அழகு.

கைக்குழந்தைகள் யாவும் செய்வது இது. எதைக் கண்டாலும் பிடித்துப் பார்க்கும், திருப்பிப் பார்க்கும், முடிவில் வாயில் வைத்துப் பார்க்கும். அதற்கு நாவே முதல் ஆசிரியர். தன் கால் தன்னுடையதுதானா என்பதையும் அது இவ்வாறே தேறுகிறது. பூர்வாசார்யர்கள் இந்தச் சிறு செயலில் ஒரு பெரிய ரஸத்தைக் கண்டார்கள். தன் திருவடிகளில் தேன் பெருகுகிறது என்று வேதமும் ஆழ்வார்களும் அடியார்களும் ஓயாமல் சொல்கிறார்களே, அந்தச் சுவைதான் எத்தகையது என்று தானே ஆராய்ந்து பார்க்கிறானாம் எம்பெருமான்.

அனைத்தையும் அறிந்தவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? தன் திருவடியின் இனிமை அடியார்களுக்குத் தெரியும். அவனுக்கு அதனை அநுபவிக்க வழியில்லை. ஆகையால் குழந்தையாகிறான். தேர்ந்த ரஸிகர்கள் விரும்பும் அநுபவத்தை ஒன்றுமறியாத பருவத்தின் வாயிலாகப் பெறுகிறான். வடபத்ரசாயியின் திருமுன்பே கைங்கர்யம் செய்த ஆழ்வாருக்கு, ஆலிலையில் பள்ளிகொண்ட பிள்ளையின் நினைவு இங்கே வராமல் இருக்குமா?

நம் வீட்டுக் குழந்தை ஒரு மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து, இருபது முறை அதையே செய்யும்போது, "போதும், வை" என்று பிடுங்கிவிடுகிறோம். யசோதை பிடுங்கவில்லை. ஊரைக் கூட்டிக் காட்டினாள்.

3. பிறந்த நாளை மறைத்த கணக்கு

அதே திருமொழியில் ஆழ்வார் கண்ணன் பிறந்த நக்ஷத்ரத்தைச் சொல்லும் வகை மிக விசித்திரமானது. நேராகப் பெயர் சொல்லாமல், ஹஸ்த நக்ஷத்ரத்திலிருந்து பத்தாவது நாள் என்று அருளிச்செய்கிறார்.

எண்ணிப் பார்ப்போம். ஹஸ்தம், சித்திரை, ஸ்வாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம், திருவோணம் என்று முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம். ஹஸ்தம், உத்திரம், பூரம், மகம், ஆயில்யம், பூசம், புனர்பூசம், திருவாதிரை, மிருகசீர்ஷம், ரோஹிணி என்று பின்னோக்கி எண்ணினாலும் பத்தாவதாக ரோஹிணி வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் சரியாகப் பத்து! கண்ணன் அவதரித்தது ரோஹிணியில் என்பது ப்ரஸித்தம். திருவோணமோ திருமாலுக்கே உரிய நாள். ஆழ்வார் வேறிடங்களில் திருவோணம் என்றே சொல்லிவிடுகிறார். நீராட வர மறுத்து ஓடும் பிள்ளையை அழைக்கும் திருமொழியிலும், இன்று உன் பிறந்த திருவோணம் என்று சொல்லித்தான் யசோதை அழைக்கிறாள்.

ஏன் இந்த மறைப்பு? கம்ஸன் காதில் உண்மையான நாள் விழுந்தால் பிள்ளைக்கு என்ன தீங்கு நேருமோ என்ற அச்சத்தினால் என்று வ்யாக்யாதாக்கள் அருளிச்செய்வர். கம்ஸன் மாண்டு யுகம் கழிந்தது. ஆயினும் யசோதையாகிவிட்ட ஆழ்வாருக்கு அவன் இன்றும் மதுரையில் வாளோடு இருக்கிறான்! ஆகையால் பொய் சொல்லாமலேயே மறைக்கும் ஒரு கணக்கை வகுத்தார். கேட்பவன் பகைவனானால் ஒருபுறம் எண்ணி ஏமாறுவான். அன்பனானால் மறுபுறம் எண்ணி மகிழ்வான்.

இதில் விளையாட்டும் இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. பெற்றோரின் விளையாட்டுகள் பெரும்பாலும் இத்தகையவையே. வெளியே சிரிப்பு, உள்ளே இவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பரிவு. திருப்பல்லாண்டிலும் நாம் காண்பது இதுவே. பாண்டியன் ஸபையில் பரதத்த்வ நிர்ணயம் செய்து, யானைமீது பவனி வந்தபோது, கருடாரூடனாய்க் காட்சி தந்த எம்பெருமானைக் கண்டு ஆழ்வார் வரம் வேண்டவில்லை. யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு அவனுக்குக் காப்பிட்டார். இப்பரிவின் மிகுதியாலேயே இவருக்குப் பெரியாழ்வார் என்னும் திருநாமம் வந்தது என்று மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் காட்டியருளினார்.

4. அம்புலியும் காக்கையும்

குழந்தை வளர வளர யசோதையின் விளையாட்டும் மாறுகிறது. மூன்றாந்திருமொழியில் தாலாட்டு, பிரமன் முதலான தேவர்கள் தொட்டிலும் அணிகளும் அனுப்பியதைச் சொல்லியே தூங்கச் செய்கிறாள். அதன்பின் செங்கீரை, சப்பாணி, தளர்நடை, எதிரே வந்து அணைத்தல், பின்னே வந்து முதுகைக் கட்டுதல் என்று தலை நிமிர்த்துவது முதல் ஓடிவந்து தழுவுவது வரை வரிசையாக வருகின்றன. முதுகைக் கட்டும் பிள்ளையிடமிருந்து சிறுநீர் துளித்துளியாகச் சொட்டுவதையும் ஆழ்வார் விடவில்லை. தாய்க்கு அருவருப்பில்லாதபோது ஆழ்வாருக்கு ஏன் இருக்க வேண்டும்?

நான்காந்திருமொழியின் அம்புலி விளையாட்டு தனியழகு. புழுதியில் தவழும் பிள்ளை நிலாவைக் கண்டு கைநீட்டி அழைக்கிறான்; நிலா வரவில்லை. யசோதை நிலாவோடு வழக்காடுகிறாள். என் பிள்ளையின் மழலை விழாத காது உனக்கு எதற்கு என்கிறாள். சிறியவன் என்று எண்ணிவிடாதே, இவனுடைய சிறுமை எத்தகையது என்பதை மாவலியிடம் போய்க் கேட்டுப்பார் என்று அச்சுறுத்துகிறாள். பிள்ளையின் ஆசை நிறைவேறாதது என்று தெரிந்தும், அதைப் பொய்யென்று தள்ளாமல், அவன் பக்கமே நின்று நிலாவைக் கடிந்துகொள்கிறாள். இரண்டாம் பத்தில் குழல் வாரும்போது காக்கையை அழைப்பதும், கன்று மேய்க்கக் கோல் கொண்டு வா என்று அதே காக்கையிடம் கேட்பதும் இவ்வகையே. அசையாமல் உட்கார மறுக்கும் பிள்ளையின் தலையை வார, உலகின் எல்லாத் தாய்மாரும் கைக்கொள்ளும் உபாயம் அது.

5. காதுகுத்தில் எழுந்த வழக்கு

இரண்டாம் பத்து மூன்றாந்திருமொழி காதுகுத்தைப் பற்றியது. கேசவன் முதலான பன்னிரு திருநாமங்களும் இதில் முறையே அமைந்திருப்பதை அடியார்கள் அறிவர். தாய் திருநாமம் சொல்லி அழைக்கிறாள்; நோகாது என்கிறாள்; தின்பண்டங்களைக் காட்டுகிறாள்; ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் காது பெருக்கித் திரிவதைச் சொல்கிறாள்.

கண்ணன் எளிதில் மசிவதாக இல்லை. வெண்ணெய் உண்டேன் என்று பிறர் சொன்ன சொல்லை மெய்யென்று நம்பி, என் கையைப் பிடித்து, எல்லோரும் காண என்னை உரலோடு கட்டவில்லையா நீ என்று பழைய வழக்கைத் திரும்ப எடுக்கிறான். சான்றுகளைச் சேர்த்து வைத்து, வேண்டிய வேளையில் எடுத்து வீசும் பிள்ளைகளை நாம் அறிவோம். காதுகுத்துக்கும் உரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிள்ளைக்குத் தெரியும்: "அன்று என் சொல்லைக் கேளாத நீ, இன்று நோகாது என்று சொல்வதை நான் எப்படி நம்புவேன்?" என்பதே அவன் கருத்தாகக் கொள்ளலாம்.

ஸ்வாமியான அவன் இவ்வாறு நியாயம் கேட்கும் நிலைக்கு இறங்கியது ஸௌலப்யத்தின் எல்லை. அவள் அவனை வாயடைக்காமல் பேசவிட்டது வாத்ஸல்யத்தின் எல்லை.

6. வெயிலில் போன பிள்ளை

இவ்வளவு விளையாடியவள் ஒருநாள் தவறு செய்கிறாள். மூன்றாம் பத்து இரண்டாந்திருமொழியில், பிள்ளையைக் கன்றுகளின் பின்னே காட்டுக்கு அனுப்பிவிட்டு நெஞ்சம் குமுறுகிறாள். எல்லாத் துயரத்திற்கும் நடுவே ஆழ்வார் அவள் வாயில் வைக்கும் ஒரு சிறு விஷயம் நம்மை உருக்குகிறது: குடை கொடுக்கவில்லையே, காலுக்குச் செருப்பும் கொடுக்கவில்லையே என்று வருந்துகிறாள். காளியனை மிதித்த திருவடிகளுக்குக் காட்டுப் பரல் குத்துமே என்று கலங்குவது அறியாமையன்றோ என்னில், ஆம், அறியாமையே. ஞானத்தினால் வரும் தெளிவைக் காட்டிலும் ப்ரேமத்தினால் வரும் இந்தக் கலக்கத்தையே நம் பூர்வர்கள் உயர்வாகக் கொண்டாடினார்கள்.

7. தேவகி இழந்தது

யசோதை பெற்றதன் அருமையை அறிய வேண்டுமானால், அதை இழந்தவளிடம் கேட்க வேண்டும். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாந்திருமொழியில் தேவகியின் புலம்பலை அருளிச்செய்கிறார். பெற்றவள் தேவகி, தாலாட்டியவள் யசோதை. உன் தந்தை யார் என்று பெண்கள் கேட்க, பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக்காட்டும் பேற்றை நந்தகோபர் பெற்றார். வஸுதேவர் பெறவில்லை என்று அவள் கதறுகிறாள். வெண்ணெயளைந்த கையையும், சிறு கயிற்றைக் கண்டு அஞ்சும் நோக்கையும், அழுகையையும் யசோதை கண்டாளே, நான் காணவில்லையே என்கிறாள்.

அவள் கேட்பவற்றுள் பெரும்பாலானவை சிறியவையே.  பிள்ளையின் சிறு செயல்களைக் காணாததற்கும் ஏங்குகிறாள். கம்ஸனை முடித்துக் கண்ணன் அவளை வணங்கியது உண்மை. ஆயினும் போன பிள்ளைப்பருவத்தை அவனும் திருப்பித் தரவில்லை.

தேவகியை விலங்கு பிரித்தது. நம்மைப் பிரிப்பது எது? குழந்தை மடியிலேயே இருக்கிறது. நம் கண் கைபேசியில் இருக்கிறது. வேற்றுநாடுகளில் வேலையும் வீடுமாக ஓடும் அடியார்கள் இரவு திரும்பும்போது குழந்தை உறங்கியிருக்கும். சிலவற்றைத் தவிர்க்க இயலாது. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமல் விட்டால், சிறையின்றியே தேவகியின் இழவை நாம் வாங்கிக்கொண்டவர்கள் ஆவோம்.

8. ஸாரம்

இனி முதலில் எழுந்த கேள்விகளுக்கு வருவோம். ஆழ்வார் வீட்டு வேலைகளில் தத்த்வார்த்தத்தை ஒளித்து வைக்கவில்லை. ஒருவனை நீராட்டி, ஊட்டி, காப்பிட்டு, அவனுக்காக அஞ்சுவதே அந்த அர்த்தம். தன் ரக்ஷணத்தை மறந்து அவன் ரக்ஷணத்தில் ஊன்றுதல் மங்களாசாஸனம். இரண்டாம் பத்து எட்டாந்திருமொழியில், அந்திப்பொழுதில் மன்றில் நில்லாதே, காப்பிட வா என்று திருவெள்ளறை எம்பெருமானை அழைப்பதும் இதனாலேயே.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நம் பிள்ளையே கண்ணன் என்று எண்ணிக்கொள்ள ஆழ்வார் இடம் கொடுக்கவில்லை. நம் பிள்ளை எம்பெருமானுக்குச் சேஷமான ஓர் ஆத்மா. சில காலம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அவன் உடைமை. இதனை ஆழ்வார் தம் திருமாளிகையிலேயே காட்டியருளினார். துளஸி வனத்தில் கிடைத்த கோதையை வளர்த்தார். அவள் அரங்கனுக்கே உரியவளானாள். மூன்றாம் பத்து எட்டாந்திருமொழியில், ஒரே மகளைத் திருமால் கொண்டுபோனான் என்று தாய் பாசுரமாக அவர் அருளியதை, ஆண்டாளைப் பிரிந்த தந்தையின் குரலாகவே அநுபவிப்போரும் உளர். தமதென்று பற்றாமல் வளர்த்தவருக்கும் பிரிவு நொந்தது. அந்த நோவு குற்றமன்று. உடைமையை உடையவனிடம் சேர்த்தபின் கை வெறுமையாக இருப்பதன் அடையாளம் அது.

ஆகையால் திருவாராதனம் சுருங்கியதே என்று வருந்தும் பெற்றோர்க்கு நாம் விண்ணப்பிப்பது இவ்வளவே. இயன்ற அளவு அநுஷ்டானத்தை விடாமல் நடத்துவோம். எஞ்சிய பொழுது குழந்தையோடு கழிந்தால் அதனை வீண் என்று எண்ண வேண்டா. நீராட்டும்போது நீராட்டத் திருமொழியையும், உறங்க வைக்கும்போது தாலாட்டையும், நிலாக் காட்டும்போது அம்புலியையும் நாள்தோறும் ஓரோர் பாசுரமாகச் சொல்வோம். பொருள் தெரியாத பருவத்திலேயே குழந்தையின் காதில் அருளிச்செயல் விழட்டும். ஸந்தைக்கு வர இயலாத ஆண்டுகளில், ஸந்தை நம் வீட்டுத் தொட்டிலண்டையில் நடக்கும்.

இன்றிரவு குழந்தை உறங்கும் முன்பே கைபேசியை அப்பால் வைத்து, முதற்பத்து மூன்றாந்திருமொழியின் ஒரு பாசுரத்தைத் தொட்டிலருகே சொல்லத் தொடங்குவோம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்
ஆண்டாள் திருவடிகளே சரணம்
ஜீயர் திருவடிகளே சரணம்